போனவர்களையும் கேளுங்கள்

ஷாங்காயில் வாழும் அமெரிக்கர்கள் பலர் ‘இனி சீனாவின் காலம்தான்’ என்று நினைப்பதாக நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் 1,318 கிலோமீட்டர். அதிவேக ரயிலில் நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். தெருவோரக் காய்கறிக் கடையில்கூட கைப்பேசியைக் காட்டினால் போதும், பணம் போய்விடும். அமெரிக்காவிலிருந்து போனவருக்குப் பிரமிப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் 2010 கணக்கெடுப்பில் சீனாவில் சுமார் 71,000 அமெரிக்கர்கள் இருந்தார்கள். 2020-இல் சுமார் 55,000தான். கொரோனா ஒரு காரணம், சரி. அப்புறம் 2021-இல் டியூஷன் நிறுவனங்களுக்கு வந்த கட்டுப்பாட்டில், ஆங்கிலம் கற்றுக்கொடுத்துப் பிழைத்த பலருக்கு வேலை போனது. 2022 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனாவைத் தடுக்க ஷாங்காயையே பூட்டிப்போட்டார்கள். இருப்பவர்களை மட்டும் கேட்டால், கிளம்பிப் போனவர்கள் நினைப்பது விட்டுப்போகிறது.

எனக்குப் பெரிய கவலை மாணவர்கள்தான். 2018-19-இல் சீனாவில் படித்த அமெரிக்கர்கள் 11,000-க்கும் மேல்; கொரோனாவுக்குப் பிறகு அது சில நூறாகச் சரிந்தது. சீனமொழி தெரிந்து, அந்த மக்களோடு பழகிய ஆட்கள் இல்லாமல் வாஷிங்டன் நாளைக்கு எப்படிப் பேசப் போகிறது? கட்டுரையாளர் இதையும் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும்.