சீரமைத்தார்களாம் ஓடையை!

எங்கள் தெருவுக்குப் பின்னால் கிடக்கும் ஓடையைச் சீரமைத்துவிட்டார்களாம். கரையில் நிற்கும் கருங்கல் பலகை சொல்கிறது. நேற்றிரவு பெய்தது ஒன்றரை மணி நேர மழை. விடிந்து பார்த்தால் அடுப்படியில் கணுக்கால் தண்ணீர், அதில் கோழி இறகு மிதக்கிறது!

நடைபாதை போட்டார்கள். நிறம் மாறும் விளக்கு வைத்தார்கள். நின்று செல்ஃபி எடுக்கத் தனியாக ஓரிடம். (மூக்கைப் பொத்திக்கொண்டு எப்படிச் சிரிப்பது?) ஜேசிபி நான்கு நாள் சேற்றை அள்ளியது. அள்ளியதை எங்கே கொட்டினார்கள்? அதே கரையில்! முதல் மழைக்கே எல்லாம் வழிந்து உள்ளே போய்விட்டது. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்காமல் அடியோடு வெட்டினார்கள். இப்போது ஒன்றுக்கு நான்காகத் தழைத்து நிற்கிறது. இந்த மாவட்டத்தில் கரிமூட்டம் போடும் எவரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாரே, அது வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்று!

தொட வேண்டிய இடம், ஓடை கடலில் சேரும் முகத்துவாரம். அங்கே மணல் மேடிட்டு அடைத்துக் கிடக்கிறது. பாக் விரிகுடாவில் கடல்நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை. அந்த மணலை அது தானாகத் தள்ளிவிடுமா? வாய் அடைத்த ஓடையில் மழைநீர் எங்கே போகும்? எங்கள் வீட்டுக்குத்தான் வரும். முகத்துவாரம் திறந்திருந்த காலத்தில் அப்பா கொல்லைப்புறத்தில் நின்றே வீச்சுவலையில் மடவை பிடிப்பார். இப்போது அங்கே துள்ளுவது கொசுப்புழு.

இந்த அழகில் திறப்பு விழாவன்று பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி அலையாத்திக் கன்று நடவைத்தார்கள், கடல் ஓதமே ஏறாத மேட்டில்! அத்தனையும் குச்சியாகிவிட்டது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் போலக் கிளை வாய்க்கால் வெட்டி, ஓதநீரை உள்ளே விட்டல்லவா காட்டை மீட்டார்கள்? அவ்வளவு தூரம்கூட வேண்டாம். பக்கத்தில் காரங்காட்டில் படகேறிப் பார்த்தாலே தெரியுமே, அலையாத்தி சேற்றில் நிற்கிறதா மேட்டில் நிற்கிறதா என்று.

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர். இருட்டியதும் கோழிக்கடைக் கழிவு மூட்டை மூட்டையாக விழுகிறது. எங்கள் பெரியப்பா வீட்டுக் கக்கூஸ் குழாயே அங்கேதான் திறந்திருக்கிறது. கேட்டால், "ஊரே விடுகிறது, என் குழாய்தான் உன் கண்ணை உறுத்துகிறதா தம்பி?" என்கிறார்.

மனு கொடுத்தேன். பணி முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

ஐப்பசி பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. கார்த்திகை முழுசாக மிச்சம். அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டேன். கட்டிலை எதன்மேல் ஏற்றுவது?