பிரேக் டக்ட் மலைப்பாதைக்கு உதவாது, டிராக்கில்தான் உதவும்

பம்பரில் பாக் லேம்ப் (பனி விளக்கு) இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டு, அங்கிருந்து ஒரு ஹோஸை இழுத்து முன்பக்கப் பிரேக் டிஸ்க்குக்குக் காற்று விடுகிற வேலையை, அதாவது பிரேக் டக்ட் போடுவதை, பலர் வீட்டிலேயே செய்கிறார்கள். செய்யலாம். ஆனால் "கொல்லிமலை இறங்கும்போது பிரேக் காய்ஞ்சு போகுது, டக்ட் போட்டா சரியாகுமா?" என்று கேட்டால், ஆகாது என்றுதான் சொல்வேன். இந்த நம்பிக்கையில் யாராவது மலை இறங்கிவிடக் கூடாது என்பதால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பம்பரில் மோதும் காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 120 கி.மீ. வேகத்தில் அது சுமார் 670 பாஸ்கல். 30 கி.மீ. வேகத்தில் வெறும் 42, அதாவது பதினாறில் ஒரு பங்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலும் வண்டி ஊர்ந்துதான் போகும். ஹோஸுக்குள் காற்று பெரிதாக நுழையாது. சூடோ கொஞ்சநஞ்சமல்ல. 1,200 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் சுமார் 118 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 100 கி.மீ. வேகத்திலிருந்து வண்டியை 25 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம் அது. அதை என்ஜின்தான் தாங்க வேண்டும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். நம் பழைய லாரி ஓட்டுநர்கள் சொன்ன இந்த விதியை எந்த டக்ட்டும் மாற்றாது.

ரேஸ் டிராக் கதை வேறு. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ நேர்ப்பாதையில் வேகம் இருக்கிறது, காற்று இருக்கிறது, அதன் முடிவில் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்திப் பிரேக் பிடிக்கிறோம். டக்ட்டின் இடம் இதுதான்.

அங்கேயும், எது தோற்கிறது என்று காலால் கண்டுபிடித்துவிட்டுத்தான் டக்ட் வேலையைத் தொடங்க வேண்டும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டது. பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்க்கைக் கவ்வும் பேட் கருகுகிறது. முதல் நோய்க்கு முதல் மருந்து ஆயில். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர எண். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி, ஈரம் இழுத்த பின் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. ரெண்டு மூணு வருடம் மாற்றாத ஆயிலை வைத்துக்கொண்டு டக்ட் கட்டுவது வீண் வேலை. சிலிகான் வகையான டாட் 5ஐ மட்டும் இவற்றோடு கலக்கவே கூடாது. இரண்டாவது நோய்க்கு அதிகச் சூடு தாங்கும் பேட். இரண்டையும் செய்த பிறகும் பிரச்சினை இருந்தால் டக்ட்டுக்கு வாருங்கள்.

வெண்டிலேட்டட் டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். இரண்டு தட்டு, நடுவில் விசிறி இதழ்கள் மாதிரி தடுப்புகள். சுழலும்போது நடுவில் உள்ள துளை, அதாவது கண், வழியாகக் காற்றை இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளும். டிஸ்க்கே ஒரு பம்ப். நம் வேலை அந்தக் கண்ணுக்குக் காற்றை ஊட்டுவது மட்டும்தான். பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஹோஸ் முனையை டிஸ்க்கின் உள்முகத்தைப் பார்த்து டேக் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். உள்தட்டு மட்டும் குளிரும், வெளித்தட்டு கொதிக்கும், டிஸ்க் வளையும், பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறும். நடுவில் இதழ் இல்லாத சாலிட் டிஸ்க் உள்ள வண்டிக்குக் காற்றை இரு முகத்துக்கும் பிரித்து விட வேண்டும். அந்த வண்டிக்கு டக்ட் வேண்டாம், முடிந்தால் வெண்டிலேட்டட் டிஸ்க்குக்கு மாறுங்கள் என்பதே என் கருத்து. டிஸ்க்கில் டிரில் போட்டு ஓட்டை எடுப்பதோ கூடவே கூடாது. ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலிருந்தும் விரிசல் கிளம்பும்.

டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் டஸ்ட் ஷீல்டை (தூசி மறைக்கும் தகடு) கழற்றி, அதே போல்ட் துளைகளுக்கு அட்டையில் மாதிரி வெட்டுங்கள். பொருந்தியதும் 1.2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு மாற்றுங்கள். கண்ணைச் சுற்றி நன்றாக மூட வேண்டும், ஆனால் டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் 4 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். அதைவிட நெருங்கினால், பேரிங்கில் சிறு ஆட்டம் வந்தாலே உரசும். ஹோஸ் மாட்டும் குழாயை வெல்ட் செய்யுங்கள். ரிவெட் அதிர்வில் கழன்று டிஸ்க் பக்கம் விழும். இன்னொன்று: பழைய ஷீல்டு, சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் முனையிலுள்ள பால் ஜாயிண்ட் ரப்பரையும் சூட்டிலிருந்து காத்துவந்தது. உங்கள் தகடும் அதை மறைக்க வேண்டும். ஏபிஎஸ் சென்சார் வயரைத் தகட்டின் விளிம்பு அறுக்காதபடி பாருங்கள்.

ஹோஸுக்கு, கம்பிச் சுருள் வைத்த சிலிகான் பூசிய கண்ணாடியிழை ரகம்தான் சரி. சின்னக் காருக்கு 63 மி.மீ. விட்டம் போதும். கிச்சன் சிம்னிக்குப் போடும் அலுமினியக் குழாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். ஸ்டியரிங் திரும்பத் திரும்ப மடிப்பிலேயே கிழியும். பம்பரில் காற்று நுழையும் வாயை முன்னோக்கி, ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஓரத்தில் காற்று ஏற்கெனவே பக்கவாட்டில் திரும்பிவிடும், அழுத்தம் இருக்காது.

ஹோஸை, சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்மோடு, தொய்வு விட்டுக் கட்டுங்கள். பிரேக் ஆயில் போகும் ஹோஸோடு சேர்த்துக் கட்டவே கூடாது. பிறகு சக்கரத்தை மாட்டி, டயரின் உள்பக்கம் சாக்பீஸைத் தடவுங்கள். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, லோயர் ஆர்மை ஜாக்கியால் மேலே தூக்கி, ஸ்டியரிங்கை இந்த லாக்கிலிருந்து அந்த லாக் வரை திருப்புங்கள். ஹோஸில் வெள்ளை ஒட்டியிருந்தால் அந்த இடத்தை டயர் அறுக்கப் போகிறது என்று அர்த்தம். ஆர்மை முழுதாகக் கீழே இறக்கியும் ஒருமுறை பாருங்கள்.

பலன் தெரிய டிஸ்க் விளிம்பில் வெப்ப பெயிண்ட் பூசுங்கள். பச்சை 430, ஆரஞ்சு 560, சிவப்பு 610 டிகிரியில் நிறம் மாறும். பச்சைகூட மாறவில்லையென்றால் குளிர்ச்சி அதிகம், சூடேறாத ரேஸ் பேட் கடிக்காது, வாயில் பாதியைத் தகட்டால் மூடுங்கள். சாலைக்கு வரும்போது முழுதாகவே மூடிவிடுங்கள். மழைத் தண்ணீரும் சேறும் நேராக டிஸ்க்குக்குள் போகும்.

வண்டி நின்றதும் டக்ட்டில் காற்றும் நின்றுவிடும், டிஸ்க்கின் சூடு முழுக்க, பேட்டை அழுத்தும் கேலிப்பருக்கு ஏறும். அதனால் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் ஓட்டி உள்ளே வாருங்கள். வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.