பெடலை விற்பதற்கு முன் ஒரு பேட்டரி வாங்குங்கள்

போன வாரம் ஒரு தம்பி தன் டிஸ்டார்ஷன் பெடலை, அதாவது எலெக்ட்ரிக் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும், காலால் தட்டும் சின்னப் பெட்டியை, விற்க வந்தான். வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. "அண்ணா, வாசிக்காம சும்மா நின்னாலே கொர்ர்ருங்குது, தாங்க முடியல" என்றான். பையைத் திறந்தால் நாலு பெடல்கள். நாலுக்கும் சேர்த்து ஒரே அடாப்டர், அதிலிருந்து வால் வாலாகப் பிரியும் டெய்சி செயின் ஒயர். அடாப்டரில் கம்பெனி பெயர்கூட இல்லை.

மற்றதையெல்லாம் கழற்றச் சொன்னேன். கிட்டார், டிஸ்டார்ஷன், ஆம்ப்ளிஃபயர் மட்டும். பெடலுக்குள் ஒரு 9 வோல்ட் பேட்டரி. கொர்ர் போய்விட்டது. பேட்டரியை எடுத்துவிட்டு அவனுடைய அடாப்டரைச் செருகினேன், திரும்ப வந்தது. அதே ஒயரில் அவனுடைய டிஜிட்டல் டிலேயையும் (எதிரொலி தரும் பெடல்) மாட்டினேன். இப்போது கொர்ருக்கு மேலே கொசு மாதிரி ஒரு 'கீ'யும் சேர்ந்துகொண்டது. தம்பி என்னையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தான்.

கிட்டார்காரர்கள் கூடும் இடத்தில் பேட்டரியா அடாப்டரா என்ற சண்டை ஓய்வதே இல்லை. பேட்டரிதான் 'டோன்' என்று ஒரு கட்சி. காசைக் குப்பையில் போடாதே என்று இன்னொரு கட்சி. நான் அடாப்டர் கட்சி. ஆனால் நம்மில் பாதிப் பேர் பையில் கிடக்கும் அந்த அடாப்டருக்கு என் ஓட்டு இல்லை. அதைவிட பேட்டரியே மேல்.

காரணம் எளிது. பேட்டரி தருவது சுத்தமான டிசி. மலிவு அடாப்டர் ஏசியை அரைகுறையாகத்தான் வடிகட்டுகிறது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டருக்குள் அது டிசியாக மாறும்போது மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ். லோ ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட் ஜி 98 ஹெர்ட்ஸ். ஆக, நீங்கள் ஜி ஸ்கேலில் வாசித்தால் அடாப்டரே கொஞ்சம் ஸ்ருதி விலகிய ஸ்ருதிப்பெட்டி! கிளீன் டோனில் இது அவ்வளவாகத் தெரியாது. டிஸ்டார்ஷனின் வேலையே வருவதையெல்லாம் பல மடங்கு பெருக்குவது. அதற்குக் கிட்டார் எது, அழுக்கு எது என்று தெரியாது.

அந்த 'கீ' வேறு கதை. டிஜிட்டல் பெடலுக்குள் ஒரு கிளாக் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே ஒயரில் எல்லாவற்றையும் கோத்தால் அதன் சத்தம் பவர் வழியாகப் பக்கத்துப் பெடலுக்குள் கசிகிறது. போதாததற்கு, பெடல்களின் கிரவுண்ட் (சர்க்யூட்டின் பொது ஒயர்), பெடலுக்குப் பெடல் மாட்டும் பேட்ச் கேபிள் வழியாக ஒருமுறை, டெய்சி செயின் வழியாக இன்னொருமுறை இணைந்து ஒரு வளையமாகிவிடுகிறது. அந்த வளையம் சுற்றுப்புற ஹம்மையெல்லாம் இழுத்துக்கொள்ளும்.

இதற்கு ஒழுங்கான தீர்வு ஐசொலேட்டட் பவர் சப்ளை. ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனி, ஒன்றின் கிரவுண்டுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பில்லை. ஒரு பெட்டிக்குள் எட்டு பேட்டரி இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை ஒரு நல்ல பெடலின் விலை. அங்கேதான் எல்லோருக்கும் மனசு வராது. அஞ்சாவது ஓவர்டிரைவ் (டிஸ்டார்ஷனின் சாந்தமான தம்பி) வாங்கக் காசு இருக்கும், இதற்கு இருக்காது. சத்தமே போடாத ஒன்றுக்கு யார் செலவு செய்வார்கள்! வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டி மேலே ஐசொலேட்டட் என்று அச்சடித்திருந்தால் நம்பிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரை கன்டினியுட்டியில் வைத்து, இரண்டு அவுட்புட்களின் நடு முனைகளைத் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கிரவுண்ட் அதுதான். பீப் அடித்தால் அது அழகான பெட்டிக்குள் வைத்த டெய்சி செயின்தான்.

அடாப்டர் பற்றி இன்னொரு பயம். "பெடல் 20 மில்லியாம்ப்தான் கேட்குது, அடாப்டர் 1 ஆம்ப், எரிஞ்சுடாதா?" எரியாது. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். ஆம்ப் கூடினால் பரவாயில்லை, வோல்ட் கூடினாலோ துருவம் மாறினாலோதான் வம்பு. பாஸ் போன்ற கம்பெனிகள் பழக்கப்படுத்தியதால் இன்று பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் டிசி, நடு முனை நெகட்டிவ். வீட்டு ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ், அதுவும் பலவற்றில் 12 வோல்ட். முனை மட்டும் அச்சு அசலாகப் பொருந்தும். இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பு அடாப்டரை வீட்டில் மறந்துவிட்டு வந்து, மண்டபத்து ரவுட்டரிலிருந்து உருவிச் செருகினேன். ஒரு கருகிய வாசனை, அவ்வளவுதான். உள்ளே இருந்த பாதுகாப்பு டயோடு உயிரைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றியிருந்தது. ரேடியோ ரிப்பேர் கடை அண்ணன் ரெண்டு ரூபாய் டயோடு மாற்றிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் திட்டினார்.

டிஜிட்டல் பெடலுக்குப் பேட்டரி வீண் என்பது வெறும் கணக்கு. நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லியாம்ப் அவர். 5 மில்லியாம்ப் இழுக்கும் ஓவர்டிரைவ் அதில் சுமார் நூறு மணி நேரம், அதாவது தினம் ஒரு மணி நேரம் வாசித்தால் மாதக்கணக்கில் ஓடும். 60 மில்லியாம்ப் இழுக்கும் டிலே எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் பெரிது. புதிய ரிவர்ப் பெடல்கள் சில 250, 300 மில்லியாம்ப் கேட்கின்றன, அவற்றில் பேட்டரிக்கு இடமே வைப்பதில்லை. இன்னொன்று, பல பெடல்களில் இன்புட் ஜாக்தான் பேட்டரியின் சுவிட்ச். பெடலைக் காலால் அணைத்தாலும் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். இது தெரியாமல் கடைக்காரரைத் திட்டியவர்கள் உண்டு. நீண்ட நாள் வாசிக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றியும் விடுங்கள், கசிந்தால் கிளிப்பெல்லாம் பச்சை பூத்துவிடும்.

அப்புறம் ஃபஸ், டிஸ்டார்ஷனின் பழைய, முரட்டு அண்ணன். இங்கே மட்டும் பேட்டரி கட்சிக்காரர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் பெடலில் அடாப்டர் செருகும் துளையே கிடையாது. பிஎன்பி ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ்களில் பெரும்பாலும் கிரவுண்ட் பாசிட்டிவ், மற்ற பெடல்களில் அது நெகட்டிவ். அதை மற்ற பெடல்களோடு டெய்சி செயினில் கோத்தால் நேராக ஷார்ட். ஐசொலேட்டட் அல்லது பேட்டரி, இரண்டே வழி.

ஆனால் பேட்டரி பிராண்டு மாறினால் டோன் மாறும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் எரிக் ஜான்சனுக்கு அந்த வித்தியாசம் காதிலேயே தெரியும் என்று ஒரு கதை கிட்டார் உலகில் வெகுகாலமாக உலவுகிறது. அவர் காது அப்படி இருக்கலாம். சாதாரண கார்பன் பேட்டரிக்கு உள்தடை அல்கலைனைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மில்லியாம்ப் அளவில் இழுக்கும் ஃபஸ்ஸில் புதுப் பேட்டரியின் உள்தடை விழுங்குவது சில பத்து மில்லிவோல்ட்தான். பேட்டரி பாதி தீர்ந்து 7 வோல்ட் பக்கம் வரும்போதுதான் சத்தம் நிஜமாகவே மாறுகிறது. நோட்டின் முனை மழுங்கும், வால் பகுதி திக்கித் திக்கி அடங்கும். சிலருக்கு அது குறை, எனக்கு இனிப்பு. வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸ் என்ற ஐசொலேட்டட் சப்ளையில் இரண்டு அவுட்புட்டுகளுக்கு வோல்டேஜைக் குறைக்கத் திருகே வைத்திருக்கிறார்கள், சாகப்போகும் பேட்டரி மாதிரி நடிக்கவைக்க.

தம்பி பெடலை எடுத்துக்கொண்டு போய்விட்டான், என் பேட்டரியோடு. என் பெடல் போர்டில் மற்றதெல்லாம் ஐசொலேட்டட் சப்ளையில் ஓட, ஃபஸ்ஸில் மட்டும் இருபது சொச்சம் ரூபாய் கார்பன் பேட்டரி. நேற்று மீட்டரில் 8.1 காட்டியது. இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று காத்திருக்கிறேன்.