‘இரும்பையே அறுக்கும் சார்’ என்று சொல்லி விற்காதீர்கள்

நேற்று மூன்றாவது ஹேக்சா பிளேடும் போயிற்று. அறுக்க வேண்டியது கால் இன்ச் கனத்தில் ஒரு ஜி10 என்கிற ஃபைபர் ஷீட். காய் வெட்டும் கத்திக்குப் பிடி போட அஞ்சு இன்ச் நீளத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். முதல் ஒரு இன்ச் சர்ரென்று இறங்கியது. அப்புறம் பிளேடு வழுக்க ஆரம்பித்துவிட்டது. கழற்றி விரலால் தடவிப் பார்த்தேன். நடுவில் பல்லே இல்லை, மொழுமொழுவென்று இருக்கிறது. இரண்டு ஓரத்திலும் மட்டும் பல் புதுசாக அப்படியே நிற்கிறது.

கடையில் போய்க் கேட்டால், “இரும்பையே அறுக்கும் சார், இந்த பிளாஸ்டிக்கை அறுக்காதா?” என்கிறார். எத்தனை தடவை சொல்வது? அதில் பாதிக்கு மேல் கண்ணாடி ஐயா! கண்ணாடி இழையில் நெய்த துணியை அடுக்கடுக்காக எபாக்ஸி பசையில் தோய்த்து, சூடு கொடுத்து அழுத்தி இறுக்கிய பலகை. டிவிக்குள் இருக்கும் பச்சை சர்க்யூட் போர்டும் இதே ஜாதிதான். சாதாரண இரும்பு, பிளேடின் பல்லைவிட மெது, அதனால் அறுபடுகிறது. கண்ணாடி அந்தப் பல்லுக்குக் கிட்டத்தட்ட சமமான கடினம். ஒவ்வொரு இழுப்புக்கும் பல்லைச் சாணைக்கல்லில் தேய்க்கிற மாதிரிதான். இன்ச்சுக்கு 18 பல், 24 பல் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

இதில் இன்னொரு கொடுமை, எல்லாவற்றுக்கும் ‘ஃபைபர் ஷீட்’ என்று ஒரே பெயர் வைத்திருப்பது. மோட்டார் வைண்டிங் கடையில் கிடைக்கும் துணி ஹைலம் என்ற பலகையும் அதே அலமாரியில்தான் இருக்கிறது. அதில் இருப்பது பருத்தித் துணி, சாதாரண பிளேடே போதும். அதை அறுத்தவர் “எனக்கு வெண்ணெய் மாதிரி போச்சே” என்கிறார். அவர் சொல்வதும் நிஜம். ஆனால் அதைக் கேட்டு ஜி10 வாங்கியவன் பிளேடுக்குக் காசை அழுகிறான்.

ஜி10க்கு வேண்டியது கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் துகள் பதித்த பிளேடு. பல்லே இருக்காது, விளிம்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். அதே ஹேக்சா ஃபிரேமில் மாட்டிக்கொள்ளலாம். மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் சீக்கிரம் தேயாது. நாலு கடை ஏறி இறங்கினேன். நாலு பேரும் டைல்ஸ் வெட்டும் டைமண்ட் வீலை எடுத்து நீட்டுகிறார்கள். “கிரைண்டரில் போடுங்க, ஒரே நிமிஷம்.”

அறுக்கும், மறுக்கவில்லை. அந்தத் தூசியை யார் விழுங்குவது? கண்ணாடியும் எபாக்ஸியும் கலந்த பொடி அது. ஒரு பட்டறையில் பையன் ஒருவன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கிரைண்டரில் இதை அறுப்பதைப் பார்த்தேன். புருவமெல்லாம் வெள்ளை. துண்டு எதைத் தடுக்கும்? வீலை விற்கிறவர் ஒரு என்95 மாஸ்க்கையும் கையில் கொடுத்து, “இது இல்லாமல் அறுக்காதே தம்பி” என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? கையால் அறுத்தால் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தூசியை அடக்கலாம். கரண்டில் ஓடும் கிரைண்டரில் தண்ணீரை ஊற்ற முடியுமா? அதனால்தான் கை ரம்பத்துக்கு இப்படி அலைகிறேன்.

கத்தி எங்கள் தெரு மெஸ்ஸில் காய் நறுக்கும் அக்காவுடையது. நாளெல்லாம் தண்ணீரில் ஊறி மரப்பிடி பிளந்துவிட்டது. ஜி10 தண்ணீர் குடிக்காது, ஒரு வாரத்தில் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். இது மூன்றாவது வாரம். பிடி பிளந்த பழைய கத்தி ஒன்றில் இன்சுலேஷன் டேப் சுற்றி, அதிலேயே வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறார்.