நவம்பர் வந்தாலே இதே தொல்லை

காலையில் மழை, மதியம் விழுந்ததும் உறைந்துபோகும் உறைமழை, சாயங்காலம் பனி. ஒரே நாளில் மூன்றும் வேண்டுமா? டொராண்டோவின் நவம்பரைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவின் கொலராடோ பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு முதலில் வெப்பக்காற்றோடு வந்து ஊரையே நனைக்கும். பின்னாலேயே குளிர்க்காற்று வந்து அந்த ஈரச் சாலையை அப்படியே உறைய வைக்கும். எந்தக் கோட்டைப் போடுவது? எந்தச் செருப்பு தாங்கும்? வடக்கே பாரி நகரில் இன்னும் மோசம். பக்கத்து ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாத் தண்ணீரில் சூடு மிச்சமிருக்கும்வரை, அதன்மேல் வீசும் குளிர்க்காற்று ஈரத்தை அள்ளி வந்து பனியாகக் கொட்டித் தீர்க்கும். அஞ்சு மணிக்கே இருட்டு வேறு! பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் ஏன் இல்லை? கோடை டயரோடு வழுக்கி வருகிறவர்களுக்குப் பயந்து பயந்து நாங்கள் எத்தனை காலம் வண்டி ஓட்டுவது?