பாட்டி பெயர் திரும்பி வருமா?

பழைய பெயர்கள் சுற்றி வரும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அமெரிக்காவில் 1970 முதல் 1984 வரை பெண் குழந்தைகளுக்கு ஜெனிஃபர்தான் முதலிடமாம், சரி, பினாங்கில் எங்கள் தலைமுறைக்கு விஜயலெட்சுமி, மகேஸ்வரி, சரஸ்வதி. வகுப்பில் ஒரு பெயரைக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள். அதோடு தமிழ்ச்செல்வி, மலர்விழி. பெரியார் 1929-லும் 1954-லும் மலாயா வந்து போனவராயிற்றே, அந்தத் தமிழ்ப் பெயர்க் காற்று ரப்பர் தோட்டம்வரை அடித்தது.

இப்போது நட்சத்திர எழுத்து, அப்புறம் நியூமராலஜி. என் அண்ணன் மகள் பிள்ளைக்கு 'தன்விகா' என்று முடிவான பிறகும் ரூமியில், அதாவது மலாய் எழுதும் ஆங்கில எழுத்தில், ஒரு எச் கூட்டு, ஒரு ஏ கூட்டு என்று ஜோசியர் சொல்ல, கிளினிக்கில் நர்ஸ் அட்டையைப் பார்த்து இரண்டு தடவை முயன்றுவிட்டு "அடிக்" (மலாயில் தம்பி, தங்கை) என்றே கூப்பிட்டார். தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் தருகிறார்கள், பாதி நாள் இந்த எழுத்துச் சண்டையிலேயே போய்விடுகிறது!

யாழினி, நிலா, கயல்விழி எல்லாம் மறுபடி காதில் விழுகின்றன, சந்தோஷம்தான். ஆனால் மாரியாயி, முனியம்மா, அஞ்சலை? அவை திரும்பும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாமி பெயர் வேண்டும் என்பார்கள், ஆனால் அந்தச் சாமி மட்டும் வேண்டாமாம்.