திறப்பு விழாவுக்கு வராத நிறுவனர்

1882 அக்டோபர் 21. டோக்கியோவின் ஓரத்தில், வயல்கள் சூழ்ந்த வசேதா என்ற ஊரில் ஒரு சின்னத் தனியார் கல்லூரியைத் திறக்கிறார்கள். இன்றைய வசேதா பல்கலைக்கழகம் அதுதான். முதல் மாணவர்கள் 80 பேர். நிறுவியவர் அரசியல்வாதி ஒகுமா ஷிகெனோபு. அவர் விழாவுக்கு வரவில்லை.

நாடாளுமன்றம் சீக்கிரம் வேண்டும் என்று வற்புறுத்தியவரை அதற்கு முந்தைய ஆண்டுதான் அரசிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். அவரும் உடனே ஒரு கட்சி தொடங்கிவிட்டார். மேடையேறினால், கட்சிக்கு ஆள் பிடிக்கும் பள்ளிக்கூடம் என்று பேச்சு வரும். ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒதுக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அன்று பேசியது, கல்லூரியைத் தொடங்க ஒகுமாவுக்குத் துணைநின்ற ஒனோ அசூசா. வயது 30. நாடு சொந்தக் காலில் நிற்க மக்களின் மனம் யாருக்கும் அடிமையாக இருக்கக் கூடாது, அதற்குக் கல்வி யாருக்கும் அடங்கியிருக்கக் கூடாது என்பது அவர் வாதம். அப்போது டோக்கியோவின் அரசுப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில்தான். ஒனோ, ஜப்பானிய மொழியிலேயே உயர்கல்வி தருவோம் என்றார். வசேதாவின் மொத்த வரலாற்றிலும் துணிச்சலான முடிவு இதுதான் என்பேன். தாய்மொழியில் சட்டமும் பொருளாதாரமும் படிக்க முடியும் என்று ஒரு சின்னக் கல்லூரி நம்பியது. வகுப்புக்கு வர முடியாத வெளியூர்க்காரர்களுக்காக 1886 முதல் விரிவுரைகளை அச்சிட்டு அனுப்பவும் தொடங்கியது. அதே 1886-இல், 33 வயதில் ஒனோ இறந்துபோனார்.

அரசுக்குச் சந்தேகம் தீரவில்லை. அரசுப் பேராசிரியர்களும் நீதிபதிகளும் அங்கே பாடம் எடுக்கக் கூடாது என்று தடை போட்டது. கல்லூரி தாக்குப்பிடித்தது. 1902-இல் வசேதா பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. சட்டப்படி பல்கலைக்கழகம் என்ற தகுதி கிடைத்தது 1920-இல்தான், டோக்கியோவின் இன்னொரு தனியார் கல்வி நிறுவனமான கெயோவுக்கும் அதே ஆண்டு. 1939-இல் பெண்களையும் முறையான மாணவர்களாகச் சேர்த்தது. இன்று அங்கே 13 இளநிலைப் பிரிவுகள். மனிதர் 125 வயது வாழலாம் என்று ஒகுமா நம்பினார், அதனால் அவர் பெயரிலுள்ள அரங்கத்தின் மணிக்கூண்டு 125 ஷாகு உயரம் (ஷாகு என்பது ஏறக்குறைய ஓர் அடி அளவுள்ள பழைய ஜப்பானிய அளவு).

சரி, கட்டடம் இருக்கட்டும். எனக்கு முக்கியம் 1940. வரலாற்றாசிரியர் ட்சுதா சோகிச்சி அங்கேயே படித்து 1891-இல் பட்டம் பெற்றவர், அங்கேயே பேராசிரியரானவர். ஜப்பானின் மிகப் பழைய நூல்களில் வரும் முதல் பேரரசர்களின் கதைகளை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஆராய்ந்து எழுதினார். அரச குடும்பத்தை அவமதித்தார் என்று தீவிர தேசியவாதிகள் கிளம்பினார்கள். புத்தகங்களுக்குத் தடை வந்தது, வழக்கு வந்தது. அவர் பதவி விலக வேண்டியிருந்தது. கல்வி யாருக்கும் அடங்காது என்று சொல்லிப் பிறந்த இடத்தால் தன் மாணவரைக் காக்க முடியவில்லை. இந்தப் பல்கலைக்கழகத்தை நேசிப்பவர்கள் மணிக்கூண்டைப் பற்றிப் பேசுவது போலவே இதையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

போர் முடிந்தது. 1946-இல் வசேதா அதே ட்சுதாவைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அவர் ஏற்கவில்லை.